முதலாளிக்கு முப்பத்தொரு டிகிரி

என் வீட்டுக்காரருக்கு ஒருக்களித்துக் கிடக்கும் கதவைக் கண்டால் ஆகாது. அதிலும் ஃப்ரிட்ஜ் கதவென்றால் கேட்கவே வேண்டாம். கல்யாணமான புதிதில் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் மனிதர் நேரே அடுக்களைக்குப் போவார். உள்ளங்கையால் ஃப்ரிட்ஜ் கதவை ஓர் அழுத்து அழுத்துவார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்ப்பார். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் போச்சு. "ரப்பர் தளந்திருக்குங்க, குளிர் வெளிய போகுது" என்று அந்த வீட்டு அம்மாவிடமே சொல்லிவிட்டுத்தான் வந்து உட்காருவார். எனக்கு மானம் போகும்.

தொழில் அப்படி. குளிர்பதன மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக இறைச்சிக் கடைக் குளிரறை, மருந்துக் கிடங்கு, பூக்கடைக் கண்ணாடிப் பெட்டி என்று ஊரில் எது குளிர்ந்தாலும் அதில் இவர் கை பட்டிருக்கும். எங்கே குளிர் கசிகிறது என்று விரலை நீட்டியே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் அடைக்காமல் வீடு திரும்ப மாட்டார். ஆனால் எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒரு வருஷம் சொட்டியது! ஒரு முழு வருஷம்! நான் ஒரு நாள் வாளியைத் தூக்கி ஹாலில் வைத்துக் கத்தின பிறகுதான் அதற்கு விமோசனம். வீட்டு வேலை என்றால் நான் கத்தாமல் அவர் கையில் ஸ்பேனர் ஏறாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எனக்கு வேலை டாக்ஸி கம்பெனியில். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு ஃபோன், ஒரு ரேடியோ மைக், நாற்பது வண்டி. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை வாய் மூடாது. "பதினேழு, பதினேழு, எங்க இருக்கீங்க? தூங்கிட்டீங்களா?" என்று நான் கேட்டால் நாற்பது பேரும் விழித்துக்கொள்வார்கள். வீட்டிலும் அந்தக் குரல்தான். அவர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார். மிச்சத்தையெல்லாம் நான் பேசிவிடுவேன். இப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தவர்தான் முதலாளி.

எங்கள் ஒரே மகளுக்குப் பதினொரு வயதிருக்கும். கூடப் படித்தவள் ஊர் மாறிப் போகும்போது கொடுத்தாள் என்று ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். உள்ளே ஒரு பல்லி! நான் நாற்காலி மேல் ஏறிவிட்டேன்.

"அம்மா, இது சுவர்ல எல்லாம் ஏறாதும்மா. சிறுத்தைப் பல்லி. கால்ல ஒட்டுற பிடிமானமே கிடையாது. இங்க பாரேன், கண்ணு சிமிட்டுது!"

மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, விரல் தடிமனுக்குக் கொழுத்த வால். என்னைப் பார்த்து நிதானமாக ஒரு கண்ணை மூடித் திறந்தது. எந்தப் பல்லி கண்ணைச் சிமிட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? நான் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டேன். ஒரு வேலையும் செய்யாமல், வேளாவேளைக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு, கல்லுக்கு மேல் சாய்ந்து எங்களையெல்லாம் மேற்பார்வை பார்த்ததால் முதலாளி என்று பெயர் வைத்தாள். மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. "முதலாளி சாப்ட்டாரா?" என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்போம்.

ஒன்பது வருஷம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். போன வருஷம் நில அளவைப் படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் போனாள். விடுதியில் பல்லிக்கு இடமில்லை. போகும்போது பதினொரு விதிகளை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். முதல் விதி: வெதுவெதுப்பான பக்கம் முப்பத்தொரு டிகிரி இருக்க வேண்டும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இது உன் பொறுப்பு. அம்மாகிட்ட குடுத்தா பேசியே கொன்னுடும்" என்றாள். கொழுப்பைப் பாருங்கள்!

அதுவரை அந்தப் பெட்டிப் பக்கமே போகாத மனிதருக்கு அன்றிலிருந்து பைத்தியம் பிடித்தது. வேலை முடிந்து வந்ததும் டீயை எடுத்துக்கொண்டு பெட்டி முன்னால் மோடாவைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "இன்னிக்கு மருந்துக் கிடங்குல கம்ப்ரஸர் போயிடுச்சு, முதலாளி" என்று ஆரம்பித்து அன்றைய கதை முழுவதையும் சொல்வார். என்னிடம் நாலு வார்த்தை, பல்லியிடம் நானூறு! சமையலறையில் நின்று ஒட்டுக்கேட்டுத்தான் என் புருஷனுக்கு வேலையில் என்ன நடக்கிறது என்றே நான் தெரிந்துகொண்டேன். எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

குளிர்காலம் வந்தது. பெட்டிக்குள் இருபத்தொன்பதைத் தாண்டவில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. "கசியுது, எங்கயோ சூடு கசியுது" என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றி விரலை நீட்டிப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். வீட்டு வேலையாயிற்றே, ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் சில்வண்டு விவகாரம். முதலாளியின் சாப்பாடு உயிருள்ள சில்வண்டு. அதில் ஒன்று கண்ணாடி இடுக்கு வழியாகத் தப்பித்து, என் கைப்பைக்குள் ஏறி, என்னோடு ஆபீசுக்கே வந்துவிட்டது! நான் மைக்கைத் திறக்கும்போதெல்லாம் பைக்குள்ளிருந்து கிரீச் கிரீச். "அக்கா, உங்க ரூம்ல என்ன கத்துது?" என்று ஒருத்தன். "அக்காவுக்குத் துணைக்கு ஆள் போட்டுட்டாங்க போல" என்று இன்னொருத்தன். எட்டு மணி நேரம் நாற்பது பேர் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து நான் ஆடின ஆட்டம் இருக்கிறதே!

"இன்னிக்கே அந்தப் பெட்டில ஒரு ஓட்டை பாக்கியில்லாம அடைக்கணும். இல்லேன்னா நான் இருக்கணும், இல்ல அந்தப் பூச்சி இருக்கணும்!"

ஒரே மணி நேரம். குளிரறைக் கதவுக்குப் போடுகிற ரப்பர் பட்டையைக் கொண்டுவந்து அளந்து வெட்டினார். கண்ணாடிக் கதவைச் சுற்றி ஒட்டினார். மேல்மூடியில் இருந்த கம்பிவலைக்கு மேலும் ஒரு தகட்டை வைத்து அதைச் சுற்றியும் ஒட்டினார். காகிதத்தை இடுக்கில் வைத்து இழுத்தார். காகிதம் கிழிந்ததே தவிர வரவில்லை. தெர்மாமீட்டர் முள் முப்பத்தொன்றில் போய் நின்றது, அசையவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஃபோட்டோ எடுத்துக்கொண்டார், மகளுக்கு மட்டும் அனுப்பவில்லை. அவள் வரும்போது நேரில் காட்ட வேண்டுமாம். நானும் பக்கத்தில் நின்று, "தொழில்காரன்னா தொழில்காரன்தான்" என்று மெச்சினேன். மெச்சினேன், மறைக்கவில்லை.

காலையில் கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருக்கும். தினமும் ஒரு துணியால் துடைத்துவிட்டு வேலைக்குப் போவார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முதலாளி சாப்பிடவில்லை. சில்வண்டு மூக்கு முன்னாலேயே நடந்து போனது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். மூக்குத் துளையில் ஒரு சின்ன நீர்க்குமிழி வந்து வந்து உடைந்தது. அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து வீடியோ அழைப்பு. "முதலாளியக் காட்டு!"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவளுக்குப் பரீட்சை. பத்தொன்பது நாள் கழித்துச் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். பல்லிக்குத் தும்மல் என்றால்கூட மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிடுவாள், அவளை எனக்குத் தெரியும்.

"நல்லா சாப்ட்டுட்டு கல்லுக்கு அடில தூங்குறார்டி" என்றேன், தண்ணீர் குடிக்கிற மாதிரி. பொய் என் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். அழைப்பை வைத்த பிறகு இரண்டு பேரும் முடிவு செய்தோம். பரீட்சை முடியும்வரை அவளுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது. அவள் வருவதற்குள் முதலாளியை எழுப்பி உட்கார வைத்துவிட வேண்டும். பத்தொன்பது நாள்.

ஊர்வன பார்க்கும் டாக்டரம்மா ஊரின் மறுகோடியில் இருந்தார். காலையில் கொட்டுகிற மழை, எலும்பில் இறங்குகிற குளிர். நான் விடுப்புச் சொல்லிவிட்டுப் பதினேழாம் நம்பர் டிரைவரை வரச் சொன்னேன். துணி சுற்றிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் நான்; பக்கத்தில் அவர், கையில் தெர்மாமீட்டர்.

"தம்பி, ஹீட்டர ஃபுல்லா வைங்க!"

"ஃபுல்லாதாங்க்கா இருக்கு!"

"இருபத்தெட்டுதான் காட்டுது. ஜன்னல் ஏதாவது திறந்திருக்கா?" என்றார் இவர்.

"எதுவும் திறக்கல சார்! நான்தான் வெந்துட்டிருக்கேன்!" பதினேழு சிக்னலில் ஸ்வெட்டரைக் கழற்றினான். அடுத்த சிக்னலில் சட்டைப் பொத்தானைத் திறந்தான். பாலத்துக்குப் போகிற வழி அடைத்துக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் எட்டி அவன் மைக்கைப் பிடுங்கினேன்.

"எல்லா வண்டிக்கும் சொல்றேன், நான்தான் பேசறேன்! பாலத்துப் பக்கம் யார் இருக்கீங்க? பதினேழுல நோயாளி இருக்கார், வழி சொல்லுங்க!"

"அக்கா, யாருக்கு என்ன?" எல்லோரும் ஒரே நேரத்தில் பதறினார்கள்.

"எங்க முதலாளிக்கு மூச்சுத் திணறுதுப்பா!"

உடனே ஏழு பேர் ஒரே சமயத்தில் வழி சொன்னார்கள். இருபத்திரண்டு தன் வண்டியையே குறுக்கே நிறுத்தி எங்களுக்குச் சந்தைத் தெருவைத் திறந்து விட்டான். அது பல்லி என்று தெரிந்தபின் திட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒருத்தனும் திட்டவில்லை. "அந்தச் சில்வண்டு திங்கிறவரா? ஐயோ பாவம், சீக்கிரம் போங்கக்கா" என்றார்கள். டிரைவர்கள் தங்கம். முப்பது, முப்பதரை என்று இவர் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டரம்மா வாசலில் இறங்கும்போது முப்பத்தொன்று. மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம், மழையில் இல்லை, வியர்வையில்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், நிதானமானவர். முதலாளியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எடை போட்டார். மகள் போகும்போது அறுபத்தெட்டு கிராம், இப்போது ஐம்பத்தொன்று. நுரையீரலில் சளி என்றார்.

"இது இருக்கிற பெட்டியோட ஃபோட்டோ இருக்கா?"

இவர் முகம் மலர்ந்தது. ஃபோனை எடுத்து நீட்டினார்.

"இந்தக் கறுப்புப் பட்டை என்ன?"

"கேஸ்கெட் டாக்டர். குளிரறைக்குப் போடறது. ஒரு பொட்டு கசியாது. மூணு வாரமா முப்பத்தொண்ணு, இம்மி நகரல."

டாக்டரம்மா ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் குரல் கோபமாகக்கூட இல்லை. "சூடு சரியாத்தான் இருக்கு. ஈரம் எப்படி வெளிய போகும்? இது வறண்ட இடத்துப் பிராணி. காலைல கண்ணாடி வேர்த்திருக்குமா?"

"இருக்கும். நான்... துடைச்சிடுவேன்."

கண்ணாடி வேர்த்தால் உள்ளே ஈரம் கட்டிவிட்டது என்று அர்த்தம். இதை ஊரிலுள்ள எல்லாப் பூக்கடைக்காரருக்கும் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். முகம் சுண்டிப்போய்விட்டது. மருந்து, எத்தனை சொட்டு, எத்தனை வேளை என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் நனைந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்த ரப்பர் பட்டையை ஒரு நார் விடாமல் உரித்து எடுத்தார். மூடித் தகட்டைக் கழற்றி வீசினார். நான் பின்னாலேயே நின்றேன். 'நான் கத்தினதாலதானே அடைச்சீங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாற்பது வண்டியை மேய்க்கிற வாய், அந்த ஒரு வார்த்தைக்குத் திறக்கவில்லை.

ஆனால் அதற்கப்புறம் எங்கள் வீடு இருந்த இருப்பைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்! பெட்டியைத் திறந்து வைத்தால் சூடு நிற்காது. மூடினால் ஈரம் போகாது. "அப்ப ரூமையே முப்பத்தொண்ணாக்கிடுவோம்" என்றார் அவர். நான் வாய் திறக்காமலே, தானாக ஸ்பேனர் எடுத்த முதல் நாள் அது. இரண்டு ஹீட்டர், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, ஈரத்தை இழுத்துக் கொட்டுகிற ஒரு பழைய இயந்திரம் எல்லாம் ஹாலுக்கு வந்தன. வெளியே ஊரே கம்பளிக்குள் சுருண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் விசிறியும் கையுமாக அலைந்தோம். இருபத்தாறு வருஷம் குளிரூட்டியே பழகிய மனிதர், இப்போது ஒரு டிகிரி சூட்டுக்காக அல்லாடினார்.

கேஸ் நிரப்பும்போது எடை பார்க்கிற தராசு அஞ்சஞ்சு கிராமாகத்தான் காட்டும் என்று மருந்துக் கிடங்கிலிருந்து ஒரு பொடித் தராசை இரவல் வாங்கி வந்தார். வேலைக்குக் கொண்டுபோகிற நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தார்: தேதி, எடை, சூடு, ஈரம், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு. நான் முதலாளியின் வாயைத் திறந்து பிடிக்க, இவர் மருந்துச் சொட்டு விட்டார். ஆமாம், நான்தான்! நாற்காலி மேல் ஏறினவள், முதலாளியின் தாடையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "ராஜா இல்ல, ஒரே ஒரு சொட்டு" என்று கெஞ்சினேன்.

ஐம்பத்தொன்று, ஐம்பது, நாற்பத்தொன்பது. மறுபடி நாற்பத்தொன்பது. மறுபடி நாற்பத்தொன்பது! எட்டாம் நாள் ஐம்பது! நான் ஆபீசில் மைக்கைத் திறந்தவுடன் டிரைவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "அக்கா, இன்னிக்கு எத்தனை கிராம்?" சவாரி அப்புறம்தான். பதினேழு அதைத் தன் கண்ணாடியில் எழுதியே ஒட்டியிருந்தான்.

ஞாயிறு வரும், மகள் கேட்பாள், தூங்குகிறார், ஒளிந்திருக்கிறார் என்று நான் அளப்பேன். இவர் கேமராவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். "அவ வரும்போது நானே சொல்லிடறேன். ரப்பர் போட்டது நான்தானே" என்றார் ஒரு முறை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி, உச்சகட்ட நேரம், இரண்டு ஃபோனும் அலறுகின்றன. எடுத்தால் இவர்! இருபத்தாறு வருஷத்தில் ஆபீசுக்கு ஃபோன் செய்யாத மனிதர்.

"சாப்ட்டுச்சு!"

"என்னது?"

"புழுவ! டாக்டரம்மா குடுக்கச் சொன்ன புழுவ! நான் ஊட்டல! தானா நடந்து வந்து, வாலை ஆட்டி ஆட்டிப் பாத்து, டபக்குன்னு! தானா! எல்லாம் போச்சு உள்ள!" மூச்சு வாங்குகிறது மனிதருக்கு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கை அழுத்தினேன். "எல்லா வண்டிக்கும்! எல்லா வண்டிக்கும்! முதலாளி சாப்ட்டாச்சு! தானா சாப்ட்டாச்சு!"

அடேயப்பா, அந்தச் சத்தம்! ஊரில் எங்கெங்கோ நின்ற நாற்பது வண்டியும் ஹார்ன் அடித்தன. ரேடியோ வழியாக அத்தனையும் என் அறைக்குள் வந்து விழுந்தது. கம்பெனி உரிமையாளர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் இன்னும் சாப்பிடலையேம்மா" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். நாலே நாள், மகள் வந்துவிடுவாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை முதலாளி கல்லுக்கு மேல் எப்போதும் போலச் சாய்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. இவர் கையில் எடுத்தார். அந்தப் பாழாய்ப்போன முப்பத்தொரு டிகிரியில் உடம்பு வெதுவெதுப்பாகவே இருந்தது. அதனால் நம்பவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, மூச்சை எண்ண உட்கார்ந்தார். ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். நான் தோளைத் தொட்டேன்.

"போதுங்க."

"இரு. மெதுவா விடுவார்."

அரை மணி நேரம் ஆயிற்று. நோட்டை எடுத்தார். எடை, சூடு, ஈரம் எல்லாம் எழுதினார். மூச்சுக்கு நேராகப் பூஜ்யம் போடவில்லை. 'எண்ண முடியவில்லை' என்று எழுதினார். பிறகு ஒவ்வொரு ஹீட்டராக அணைத்தார்.

"பாப்பா சனிக்கிழமை வந்து பாக்கணும்" என்றார்.

நான் புரிந்துகொண்டேன். ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருந்த அத்தனையையும் நானே வெளியே எடுத்து வைத்துத் துடைத்தேன். சில்வண்டுக்கு வீட்டையே இரண்டாக்கினவள். இவர் ஒரு தகர டப்பாவில் மெல்லிய துணி விரித்து முதலாளியைக் கிடத்தினார். "ஃப்ரீசர் வேண்டாம், தோல் கெட்டுடும். நாலு டிகிரி போதும்." தன் தெர்மாமீட்டரை டப்பா பக்கத்தில் வைத்தார். கதவை மூடினார். உள்ளங்கையால் ஓர் அழுத்து. காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அந்தக் கதவில்தான் மகள் எழுதிய பதினொரு விதிகள் இருந்தன. நெற்றியை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

ஆபீசில் எத்தனை கிராம் என்று கேட்டார்கள். "அதேதான்" என்றேன். என் மகளுக்குச் சொல்லும் முன்னால் நாற்பது டிரைவருக்கு எப்படிச் சொல்வது? சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் பதினேழை அனுப்பினேன். மற்றவர்களுக்குச் சொன்ன அதே பொய்யோடுதான் அவனையும் அனுப்பினேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

படியில் தடதடவென்று சத்தம். கதவைத் திறந்தால், பையை மாடிப்படியிலேயே போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வருகிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா! புழு சாப்ட்டாராமே! தானா நடந்து வந்து! அந்த அண்ணன் எல்லாம் சொன்னார், ஹீட்டர், பாலம், ஹார்ன் அடிச்சது எல்லாம்! என்கிட்ட மறைச்சதுக்கு உன்ன அப்புறம் கவனிச்சுக்கறேன். எங்க? எங்க அவர்?"

பெட்டியிடம் ஓடினாள். காலி. அடுக்களை வாசலில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார், முதுகுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ்.

"பாப்பா..."

நகர்ந்து வழி விட்டார். அவள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தானே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தகர டப்பாவைக் கண்டாள். திறந்து, உள்ளங்கையில் எடுத்தாள்.

"ஏம்ப்பா இவ்ளோ சில்லுன்னு இருக்கு?" என்றாள். சின்னப் பிள்ளையில் கேட்கிற குரலில் கேட்டாள்.

"நான்தான் பாப்பா." சட்டைப் பையிலிருந்து சுருட்டிய அந்தக் கறுப்பு ரப்பர் பட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "இதப் போட்டு அடைச்சேன். சூடு நின்னுது. ஈரமும் நின்னுடுச்சு. கண்ணாடி வேர்த்துது, துடைச்சுத் துடைச்சு விட்டேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான்தான்."

இதுதான் நேரம். இதை விட்டால் இனி வராது.

"அடைக்கச் சொன்னது நான்" என்றேன். "பூச்சி வெளிய வந்துச்சுன்னு கத்தினேன். இன்னிக்கே அடைக்கணும்னு கத்தினேன். அப்பா மேல போடாத."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணிலிருந்து கொட்டுகிறது. "அது தெரியாதா எனக்கு? நீ கத்தாம அப்பா இந்த வீட்ல ஒரு ஆணி அடிச்சிருக்காராம்மா?" என்றாள். பிறகு குரல் உயர்ந்தது, என் குரலேதான். "பத்தொன்பது நாள்! தினமும் எடை பாத்திருக்கீங்க, ஊர்ல இருக்கிற டிரைவர் எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது! பரீட்சைய இன்னொரு தடவ எழுதிருப்பேன்மா! இவர இன்னொரு தடவ பாக்க முடியுமா?"

தப்பு, தப்பு என்று மட்டும் சொன்னேன்.

அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலாளியை இரண்டு கையாலும் பொத்தி, வாயருகே கொண்டுபோய் ஊதினாள். குளிர்காலக் காலைகளில் ஒன்பது வருஷமாக அப்படித்தான் ஊதிச் சூடேற்றுவாள். ஊதிக்கொண்டே அழுதாள். அழுது ஓய்ந்தபின், "எடையெல்லாம் எழுதி வெச்சிருப்பியே, அந்த நோட்டக் குடுப்பா" என்றாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திறந்து அவள் மடியில் வைத்தார். ஒவ்வொரு நாளாகப் படித்தாள். நாற்பத்தொன்பது, நாற்பத்தொன்பது, ஐம்பது. செவ்வாய்க்கிழமைக்கு நேராக இவர் எண் எதுவும் எழுதாமல் 'புழு!!!' என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தார்.

"எப்படி சாப்ட்டார்? அந்த அண்ணன் சொன்னார். நீ சொல்லுப்பா."

"முதல்ல திரும்பிப் பாத்தார். வாலு நுனிய ஆட்டினார், நீ சொல்லுவியே, அந்த மாதிரி. நான் மூச்சே விடல. மூணு அடி நடந்தார். அப்புறம் டபக்குன்னு..." நாலு வார்த்தைக்காரர் கையை ஆட்டி, கண்ணை விரித்து, முதலாளி நடந்த மாதிரியே தோளை அசைத்துக் காட்டினார். அவள் ஈரக் கன்னத்தோடு சிரித்துவிட்டாள். "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் நடுவில் ஹார்ன் சத்தத்தைச் சேர்த்தேன்.

ஃப்ரிட்ஜ் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. அவள் திறந்த கதவு அப்படியே அகலத் திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து குளிர் அவர் முதுகில் படுகிறது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள் பக்கத்தைத் திருப்பி, 'எண்ண முடியவில்லை' என்ற வரியில் விரலை வைத்தாள். அவர் அவள் விரலுக்கு மேல் தன் கையை வைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான்தான் எழுந்து போய் ஃப்ரிட்ஜ் கதவை மூடினேன்.